தோல்வி யாருடையது?

ஒரு வகுப்பில் 100 மாணவர் இருந்து, அவருள் 34 பேர் பரீட்சையிற் சித்தியெய்தாவிடின் அத்தோல்வி யாருடையது? ‘படிக்கவில்லை, தவறினார்கள்’ என்று கூறி விடைத்தாட் கட்டை மூடிவைப்பது நமது தொழிலில் நெடுங்கால வழக்கம். நானும் மூடிவைத்தவனே.

இவ்வழக்கத்தை அசைத்தது 2014இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு. ஸ்கொட் ஃபிறீமனும் அவர்தம் சகாக்களும் விஞ்ஞான, பொறியியல், கணிதப் பட்டவகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளைத் திரட்டி ஒப்புநோக்கினர். விரிவுரை கேட்ட வகுப்புகளில் சராசரி 33.8 வீதத்தினர் தவறினர். மாணவர் தாமே ஆராய்ந்தும் விவாதித்தும் கற்ற வகுப்புகளில் 21.8 வீதத்தினரே தவறினர். நூற்றுக்குப் பன்னிருவர்! அவர்களைச் சோம்பேறிகள் என்று இனி எந்த வாயாற் சொல்வது?

பென்சில்வேனியாவிலுள்ள பிராங்கிளின் அன்ட் மார்ஷல் கல்லூரியின் இரசாயனவியல் ஆசிரியர் சிலர் 1990களிலேயே விரிவுரையைக் கைவிட்டனர். ‘அணுவெண் என்பது புரோத்தன்களின் தொகை’ என அவர்கள் தொடங்குவதில்லை. அணுக்களின் படங்கள் கொண்ட ஒரு தாளைக் கொடுக்கின்றனர். ஒரு காபன் அணுவில் 6 புரோத்தன், 6 நியூத்திரன். மற்றொன்றில் 6 புரோத்தன், 7 நியூத்திரன். காபன் அனைத்துக்கும் பொதுவானது எது? மூவர் நால்வராகக் கூடியிருந்து தேடுகின்றனர். ஒருவர் குறித்துக்கொள்கிறார், ஒருவர் குழுவுக்காகப் பேசுகிறார். பொருள் கைக்கு வந்தபின்னரே ‘அணுவெண்’ என்ற பெயர் வருகிறது. தமிழ் கற்பிக்கும் நானோ இத்தனை ஆண்டுகளாகப் பெயரை முதலிற் கொடுத்துப் பொருளைப் பின்னர் தேடவிட்டவன்.

விடையறிந்த ஆசிரியர் வாய்மூடி நிற்பது வஞ்சனையாகாதா என்று ஒரு நண்பர் கேட்டார். எளிதில் ஒதுக்கத்தக்க கேள்வியன்று. தாளைக் கொடுத்துவிட்டு நாற்காலியிற் சாய்பவர் மாணவரைக் கைவிட்டவரே. அத்தாளை ஆக்க இரவு விழித்து, குழுவுக்குக் குழு சென்று, தடுமாறும் இடத்தில் மறுகேள்வி கேட்பவரின் மௌனம் வேறு. ஆனால் இதிலும் ஓர் இடர் உண்டு. ஹாவாட் பல்கலைக்கழகப் பௌதிகவியல் வகுப்புகளில் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வொன்றில், இவ்வாறு கற்றோர் கூடுதலாகக் கற்றிருந்தும் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தனர். தெளிந்த விரிவுரை, கேட்பவனுக்குத் தானே தெளிந்துவிட்டதான மயக்கத்தைத் தருகிறது. ஆகவே ஏன் இவ்வாறு வருத்துகிறோம் என்பதை முதல் நாளே மாணவரிடம் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

என்னை மிகவும் உறுத்தியது 2020இல் வந்த மற்றோர் ஆய்வு. வறிய மாணவருக்கும் சிறுபான்மை இன மாணவருக்கும் ஏனையோருக்கும் இடையிலான இடைவெளி, செயல்வழிக் கல்வியினாற் புள்ளிகளில் 33 வீதமும் சித்தியில் 45 வீதமும் குறைந்ததாக அது காட்டுகிறது. அதுவும் வகுப்பு நேரத்திற் பெரும்பகுதியை இதற்கே அளித்த இடங்களில் மாத்திரம். ஒப்புக்குச் செய்த இடங்களில் இல்லை. எல்லோருக்கும் ஒரே விரிவுரை என்பது சமத்துவம்போலத் தோன்றுகிறது. வீட்டில் நூலும், விளக்கிச் சொல்லப் படித்த தந்தையும், தனிவகுப்புக்குப் பணமும் உள்ளவனே அவ்விரிவுரையின் மீதியை மாலையில் நிரப்பிக்கொள்கிறான். மற்றவனுக்கு வகுப்பறையன்றி வேறிடமில்லை.

சென்ற தவணையின் விடைத்தாட் கட்டை மறுபடி அவிழ்த்தேன். வினைத்தொகைக்கு நான் கரும்பலகையில் எழுதிய வரைவிலக்கணத்தைப் பலர் ஓர் எழுத்தும் பிசகாது எழுதியிருந்தனர். கீழே உதாரணம்: ‘குளிர்ந்த நீர்’.