முடத்தெங்கு

"வேற வேல கெடைக்காமலா, சேர், எங்களுக்குப் படிப்பிக்க வந்தீங்க?"

தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வரும் உயர்தர மாணவி ஒருத்தி சென்ற ஆண்டு என்னிடம் இவ்வாறு கேட்டாள். கேள்வியில் குறும்பு இல்லை. பேராதனையில் தமிழ் பயின்று பட்டம் பெற்றபின் இரண்டாண்டு காப்புறுதி முகவராக அலைந்தேன். பின்னர், 2020இல் மாதம் 20,000 ரூபாய்ப் படியில் அரசு சேர்த்துக்கொண்ட பட்டதாரிகளுள் ஒருவனாகச் செயலகமொன்றில் கோப்புகளை அடுக்கினேன். முப்பத்து மூன்று வயதிலேதான் வகுப்பறைக்கு வந்தேன். ஆம் என்பதே நேர்மையான விடை.

ஆசிரியம் ஒரு தவம். பிழைப்புக்காக வந்தவன் அதன் புனிதத்தைக் கெடுக்கிறான் என்று பேசும் நண்பர்கள் நம்மிடையே உளர். இவ்வாதத்தை நான் ஏற்பதற்கில்லை. புனிதம் என்னும் சொல் குறைந்த கூலிக்குப் பூசப்படும் பொன்முலாம் என்பதை நாம் அறியாதவர்களா? 2015இல் மலையகப் பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளராக நியமிக்கப்பட்ட இளைஞர்களுக்கு மாதம் 6,000 ரூபாயே வழங்கப்பட்டது. கொழும்புக் கடைகளில் வேலை செய்துவிட்டு வந்த சிலரை அவர்களுள் நான் அறிவேன். அவர்களிடம் தவத்தைப்பற்றிப் பேச எனக்கு நா எழாது.

எனினும் மாணவியின் கேள்வி அத்துடன் தீரவில்லை. ஆசிரியராகத் தகாதவருக்குப் பவணந்தியார் நன்னூலில் காட்டும் உவமைகளுள் முடத்தெங்கும் ஒன்று: ஒருவர் நீர் வார்க்க, வளைந்துபோய் அயலவர் வளவில் காயுதிர்க்கும் தென்னை. பரீட்சைக்காக மனனஞ் செய்த உவமை அது.

இலவசக் கல்வி 1945இல் வந்தது. 1952இல் பல்கலைக்கழகம் கொழும்பிலிருந்து பேராதனைக்குப் பெயர்ந்தது. அந்நாளில் நாட்டின் ஏற்றுமதி வருவாயில் பெரும்பங்கு தேயிலையினது. அத்தேயிலை வணிகப் பயிராக முதலில் வேர்கொண்டதும் இம்மாணவி வாழும் மலைப்புறத்திலேதான்; 1867இல், லூல்கந்துரத் தோட்டத்தில். ஆயின் கொழுந்து பறித்தோரை 1948ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றோராக்கிற்று. அவர்தம் பிள்ளைகள் படித்த தோட்டப் பள்ளிகளை அரசு பொறுப்பேற்க 1970கள் வரை சென்றது. அவர்கள் வார்த்த நீரில் வளர்ந்து, பட்டமும் பெற்று, வேறெங்கோ காயுதிர்த்தவர்கள் நாம்.

நான் உதிர்த்த இடம் எது? காப்புறுதி விற்க லயங்களில் ஏறியிறங்கிய நாட்களில், "இதில என்ன எழுதியிருக்கு தம்பி?" என்று படிவத்தை நீட்டிய முதியவர்கள் பலர். விற்க வந்தவனிடமே கேட்டார்கள்! எனக்குச் சாதகமானதை மட்டும் வாசித்துக் காட்டினேன். அம்முதியவர்களின் பேரப்பிள்ளைகளே இன்று என் முன்னால் அமர்ந்திருக்கிறார்கள். இலக்கணப் பாடம் முடிந்தபின் சில நாட்களில் கடன் படிவம், சம்பளச் சீட்டு முதலியவற்றை எடுத்துவரச் சொல்லி, சிறிய எழுத்தில் உள்ளதையும் உரக்க வாசிக்கச் செய்கிறேன். பாடத்திட்டத்தில் இதற்கு இடமில்லை என்கிறார் சக ஆசிரியர் ஒருவர். உண்மைதான்.

மாணவிக்கு ஆம் என்றே கூறினேன். அவள் விடவில்லை. "அப்ப, இதவிட நல்ல வேல கெடைச்சா போயிருவீங்களா?"

அன்று என் பையில் திணைக்களப் பதவி ஒன்றுக்கான விண்ணப்பம் இருந்தது. அதை எடுத்து அவளிடம் காட்டினேன். உங்கள் பரீட்சை முடியுமட்டும் இதை அனுப்பமாட்டேன் என்றேன். அதற்கப்பால் வாக்களிக்க என்னால் இயலவில்லை.