கூலியும் சாட்சியும்

ஒரு சரக்கை விற்கும் நிறுவனத்திடம் ஊதியம் பெறும் ஆராய்ச்சியாளர், அந்தச் சரக்கினால் ஜனங்களுக்குத் தீங்கு உண்டா இல்லையா என்பதற்குச் சாட்சியாகவும் நிற்கலாமா? இந்த வினாவுக்கு இரண்டு விடைகள் சுலபமாகக் கிடைக்கின்றன. உண்ட வீட்டுக்கு விரோதமாக எவரும் பேசமாட்டார் ஆதலின் அத்தகைய சாட்சியம் செல்லாது என்பது ஒன்று. கண்டதைக் கண்டபடி சொல்லும் வரையில், செலவுக்குப் பணம் கொடுத்தவர் யார் என்ற விசாரணையே அநாவசியம் என்பது மற்றொன்று. அமெரிக்க தேசத்தில் ஈயம் கலந்த பெட்ரோலைப் பற்றி ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் நடந்த விவகாரத்தை நிதானமாக ஆராய்கிறவர்களுக்கு இவ்விரு விடைகளிலும் திருப்தி ஏற்படாது. வைத்திய சாஸ்திரமும், பூமியையும் கடலையும் ஆராயும் விஞ்ஞானமும், வியாபார நிர்வாகமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் அந்த விவகாரத்தில், பொய் சொன்னவர்களைக் காட்டிலும் பொய் சொல்லாதவர்களே அதிகச் சங்கடத்தை உண்டாக்குகிறார்கள்.

1921 டிசம்பரில், ஒஹையோ மாகாணத்து டேட்டன் நகரில், ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிசாலையைச் சேர்ந்த தாமஸ் மிட்ஜ்லி, டெட்ரா எத்தில் ஈயம் என்ற திரவத்தைப் பெட்ரோலில் சிறிதளவு சேர்த்தால் மோட்டார் என்ஜினின் தட்டொலி அடங்கிவிடும் என்று கண்டறிந்தார். எரிசாராயத்தைக் கலந்தாலும் அது அடங்கும். ஆனால் எரிசாராயத்துக்குக் காப்புரிமை எழுதி வாங்க வழியில்லை. 1923-இல் விற்பனை தொடங்கிற்று. மறு ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸும் நியூ ஜெர்சி ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனியும் கூடி எத்தில் கார்ப்பரேஷனை நிறுவின. அதே 1924-ஆம் ஆண்டு அக்டோபரில், நியூ ஜெர்சியின் பேவே சுத்திகரிப்பு ஆலையில், இந்தத் திரவத்தோடு பழகிய தொழிலாளர் ஐவர் சித்தம் கலங்கி மாண்டனர். டூபான்ட் கம்பெனியின் ஆலையிலோ, இல்லாத பூச்சிகளைக் கையால் விரட்டிக்கொண்டிருந்த சக தொழிலாளரைப் பார்த்துப் பார்த்து, அந்தக் கட்டடத்துக்கு வண்ணத்துப்பூச்சி வீடு என்றே மற்றவர்கள் பெயர் வைத்திருந்தார்கள். பேவே மரணங்கள் பத்திரிகைகளில் பரபரப்பானவுடன் மிட்ஜ்லி நிருபர்களைக் கூட்டி, அவர்கள் எதிரிலேயே அந்தத் திரவத்தில் கை கழுவி, அதன் ஆவியை முகர்ந்தும் காட்டினார். முந்தின ஆண்டில் அவரே ஈய விஷத்தால் பீடிக்கப்பட்டு, வேலையை விட்டு விலகி ஓய்வெடுத்துத் திரும்பியவர். இத்தகைய செய்கையைப் பற்றி அறநூல் விசாரணை எதுவும் தேவையில்லை. அது வெறும் வித்தை.

விசாரணைக்கு உரியவை இதற்கு அப்பால்தான் வருகின்றன. 1925 மே 20-ஆம் தேதி வாஷிங்டனில் அரசாங்கத்துத் தலைமை வைத்திய அதிகாரி ஒரு மாநாடு கூட்டினார். ஹார்வர்ட் சர்வகலாசாலையில் தொழில்நோய் வைத்தியம் கற்பித்துவந்த ஆலிஸ் ஹாமில்டன் அம்மையார், ஆலைக்குள் விஷத்தைக் கட்டுப்படுத்தினாலும் தேசம் முழுவதையும் எவ்விதம் கட்டுப்படுத்துவீர்கள் என்ற கருத்தில் வாதாடினார். மாநாட்டின் பின் அமைந்த குழு, கார் ஓட்டுபவர்களும் மோட்டார்ப் பட்டறைக்காரர்களுமாக 252 பேரைப் பரிசோதித்து, 1926 ஜனவரியில், தடை விதிக்கத் தக்க முகாந்திரம் காணவில்லை என்று அறிவித்தது. ஆயினும் ஈயம் உடலில் மெல்ல மெல்லச் சேரும் தன்மையது ஆகையால், பொதுப் பணத்தைக் கொண்டே மேற்கொண்டும் ஆராய்ச்சி நடத்த வேண்டும் என்றும் எழுதி வைத்தது. தீர்ப்பின் முன்பாதி உடனே அமலுக்கு வந்தது. பின்பாதியை எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அரசாங்கம் செய்யாமல் விட்ட அந்த ஆராய்ச்சியைச் செய்ய முன்வந்தவர், சின்சினாட்டி சர்வகலாசாலையைச் சேர்ந்த ராபர்ட் கீஹோ என்ற இளம் வைத்தியர். அதற்கு முன்பே எத்தில் கம்பெனியின் வைத்திய ஆலோசகராக நியமனம் பெற்றவர். ஜெனரல் மோட்டார்ஸ், டூபான்ட், எத்தில் ஆகிய கம்பெனிகளின் பொருளுதவியால் 1930-இல் எழுந்த கெட்டரிங் ஆராய்ச்சிசாலைக்கும் அவரே தலைவரானார்.

கீஹோவைக் கூலிக்குப் பேசியவர் என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. ஆலைகளில் காற்றோட்டத்தைச் சீர்செய்து, தொழிலாளரின் உடல்நிலையை ஓயாமல் கவனித்து, பேவேயில் நேர்ந்தது மறுபடி நேராதபடி பார்த்துக்கொண்டதில் அவருக்குப் பங்குண்டு. இரத்தத்திலும் சிறுநீரிலும் ஈயத்தை அளப்பதில் அக்காலத்தில் அவருக்கு நிகரானவர் சிலரே. பிழை அவருடைய அளவையில் அன்று, ஒப்பீட்டில் நேர்ந்தது. அந்தத் திரவத்தைக் கையாண்டவரையும் கையாளாதவரையும் ஒரே தொழிற்கூடத்தில் ஒப்பிட்டபோது இருசாராரிடமும் ஈயம் காணப்பட்டது. ஆகவே ஈயம் மனித உடலில் இயல்பாக இருப்பதே என்று அவர் கொண்டார். நாகரிகத்தின் வாடை படாத இடத்தைத் தேடி மெக்ஸிகோ நகரத்துக்கு அப்பாலுள்ள குக்கிராமம் ஒன்றுக்கும் சென்றார். அங்கும் ஈயம் இருந்தது. ஏனெனில் அவ்வூரார் உண்டது ஈய மெருகு பூசிய மண்பாண்டங்களில். அந்தப் பாண்டங்களைப் பற்றி அறிந்த பிறகும் அவருடைய முடிவு அசையவில்லை என்பது கவனிக்கத்தக்கது. நூறு மில்லி லிட்டர் இரத்தத்தில் 80 மைக்ரோகிராம் வரையில் அபாயம் இல்லை என்று வரம்பு கட்டினார். தீங்கு உண்டென்று நிரூபித்துக் காட்டுங்கள், காட்டினால் நிறுத்திவிடுகிறோம், அதுவரையில் விற்போம் என்ற விதி அவர் பேரால் வழங்கலாயிற்று. கேட்பதற்கு நியாயம்போல் தொனிக்கும் இந்த விதியில், நிரூபிக்கும் பாரம் மூச்சு விடுகிறவன் தலையில் ஏறுகிறது. நிரூபிப்பதற்கான கருவியோ விற்கிறவனுடைய கட்டடத்தில் இருக்கிறது.

அந்தப் பாரத்தைச் சுமக்க வந்தவர் வைத்தியரே அல்லர். கலிபோர்னியாவில் கால்டெக் ஸ்தாபனத்துப் புவிவேதியியல் அறிஞர் கிளேர் பாட்டர்ஸன், விண்கல்லிலுள்ள ஈயத்தை நுட்பமாக அளந்து, பூமியின் வயது ஏறத்தாழ 455 கோடி ஆண்டுகள் என்று 1956-இல் நிலைநாட்டியவர். அந்த அளவையின்போது காற்றிலும், தூசியிலும், தண்ணீரிலும், தம் தோலிலுங்கூட ஈயம் ஒட்டிக்கொண்டு கணக்கைக் கெடுத்தமையால், அதைக் கழுவித் துடைத்து விலக்குவதற்கே அவர் பல ஆண்டுகள் பாடுபட நேர்ந்தது. எங்கிருந்து வந்தது இவ்வளவு ஈயம் என்ற வினா அந்த எரிச்சலில்தான் பிறந்தது. கடலின் மேற்பரப்பு நீரில் ஆழத்து நீரைவிட ஈயம் அதிகம் என்று கண்டார். கிரீன்லாந்துப் பனியை வெட்டி ஆராய்ந்து, அண்மைக் காலத்துப் பனியில் அது எத்தனையோ மடங்கு பெருகியிருப்பதைக் காட்டினார். 1965-இல் வெளியிட்ட கட்டுரையில், அமெரிக்கர் உடலிலுள்ள ஈயம் இயற்கையான அளவைப்போல் ஏறக்குறைய நூறு மடங்கு என்று மதிப்பிட்டார். கீஹோ இயல்பானது என்று கொண்டது வழக்கமானது மாத்திரமே. ஊரே நஞ்சு உண்டிருக்கையில் நஞ்சு உண்ணாதவனை எந்த ஊரில் தேடுவது?

இந்தக் கட்டுரையை அச்சேறுமுன் படித்து அபிப்பிராயம் சொன்னவர் கீஹோவேதான். பிரசுரிக்கலாம் என்று அவர் எழுதினார். வெளிவந்தால் அதன் பிழைகள் அம்பலமாகும் என்பது அவர் எண்ணம். தம் அளவையில் அவருக்கிருந்த நம்பிக்கை பாசாங்கன்று என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம்.

பணத்தைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் சிக்கலானது. பாட்டர்ஸனுடைய கடல் ஆராய்ச்சிக்கும் பெட்ரோல் வியாபாரிகளின் சங்கம் பொருள் கொடுத்திருந்தது; கடலடி மண்ணைப் பற்றிய அறிவு எண்ணெய் தேட உதவும் என்பது அவர்கள் கணக்கு. ஆக, இருவரும் ஒரே களஞ்சியத்திலிருந்து அளந்து வாங்கியவர்கள்தாம். கூலி வாங்கியதே குற்றம் என்றால் இருவரும் குற்றவாளிகள். வித்தியாசம் கூலிக்கு இணைந்த நிபந்தனையில் இருக்கிறது. கெட்டரிங் ஆராய்ச்சிசாலை தன் புரவலர்களோடு செய்துகொண்ட ஒப்பந்தங்களில், ஆராய்ச்சியின் முடிவுகள் வெளியாவதற்கு முன் பொருள் தந்தவருடைய விமரிசனத்துக்கும் யோசனைக்கும் அவற்றைச் சமர்ப்பிக்க வேண்டும் என்ற ஷரத்து இருந்தது. படிக்கும்போது மரியாதைச் சம்பிரதாயம்போல் தோன்றும் அந்த ஒரு வாக்கியத்தில், சாட்சி தன் வாக்குமூலத்தைக் கட்சிக்காரனிடம் திருத்தக் கொடுத்துவிடுகிறான். பிற்பாடு அவன் கூண்டில் ஏறிச் சத்தியமே பேசினாலும், எதைப் பேசுவது என்ற தீர்மானம் அவனுடையதாக இராது. கீஹோவின் தர்மசங்கடம் செனட் சபை முன் 1966-இல் சாட்சி சொன்ன நாளில் நேர்ந்ததன்று. கையெழுத்திட்ட நாளிலேயே நேர்ந்துவிட்டது. இந்த விஷயத்தில் அறிவை வளர்க்கும் பொறுப்பு தேசத்தில் வேறெவரையும்விடத் தமக்கே அதிகம் என்று அவர் அச்சபையில் சொன்னார். அத்தனை பெரிய பொறுப்பு ஒரே கூடத்தில் குவிந்ததற்கு அவர் மட்டும் காரணரல்லர். 1926-இல் எழுதிய யோசனையைக் கைவிட்ட அரசாங்கமும் அந்தப் பாவத்தில் பங்காளி. ஆயினும் தனியொருவனாகச் சாட்சி சொல்ல நேர்ந்தவன் மாற்றுச் சாட்சியைத் தானே தேடி அழைக்கக் கடமைப்பட்டவன். நாற்பது ஆண்டுகளில் அவர் அதைச் செய்ததாகத் தெரியவில்லை.

1965-க்குப் பிறகு பாட்டர்ஸனுக்குப் பெட்ரோல் சங்கத்தின் பொருள் நின்றுபோயிற்று. பொதுச் சுகாதார இலாகாவின் ஒப்பந்தமும் புதுப்பிக்கப்படவில்லை. காற்றிலுள்ள ஈயத்தைப் பற்றி 1971-இல் அறிக்கை தந்த தேசிய ஆராய்ச்சிக் கவுன்ஸில் குழுவில் அவருக்கு இடமில்லை. அமெரிக்காவில் சாலை வாகனங்களுக்கு ஈயப் பெட்ரோல் முற்றிலும் நின்றது 1996-இல், இந்தியாவில் 2000-இல், கடைசியாக அல்ஜீரியாவில் 2021-இல். பாட்டர்ஸனுடைய தைரியத்தைப் போற்றுவது எளிது, போற்றவும் வேண்டும். ஆனால் மானியம் போன பிறகும் அவருக்குக் கால்டெக்கில் நாற்காலி இருந்தது, கூடம் இருந்தது, பனியை வெட்டப் போவதற்கு வேறு வழிகளும் பிறந்தன. அப்படி ஒரு நாற்காலி இல்லாத இளம் ஆராய்ச்சியாளர், ஆகாத முடிவு ஒன்று தம் ஏட்டில் தென்பட்டபோது, விஷயத்தை மாற்றிக்கொண்டு வேறொன்றை அளக்கப் போயிருந்தால், அவரைக் கோழை என்று கண்டிக்க எவருக்கு உரிமை உண்டு? அத்தகையவர்களின் பெயர் எந்த அறிக்கையிலும் ஏறுவதில்லை. அவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்ல எந்த ஆராய்ச்சிசாலையிலும் கருவி கிடையாது.