வென்றவன் கணக்கு

ஊர்ப் பெயர்களில் அடக்கமானவை உண்டு. ஆசை மிகுந்தவையும் உண்டு. புளியம்பட்டி, ஆலங்குளம் என்று ஒரு மரத்தையோ குளத்தையோ சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்கும் ஊர்கள் ஒரு வகை. எட்டயபுரத்திலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் வழியில், கரிசல் வெளியின் நடுவே இருக்கும் ஓர் ஊர் மற்றொரு வகை. அதன் பெயர் எப்போதும்வென்றான். யார் வென்றான், யாரை வென்றான் என்று அந்தப் பெயர் சொல்லவில்லை. எப்போதும் வென்றான் என்று மட்டும் சொல்கிறது. மழை பொய்த்தால் மனிதன் தோற்றுப்போகும் சீமையில் இப்படி ஒரு பெயர்!

எப்போதும் வெல்வது மனிதனால் ஆகுமா என்று நான் கேட்கப் போவதில்லை. ஆகாது என்பது குழந்தைக்கும் தெரியும். ஒரே ஒரு முறை வென்றவனையே எடுத்துக்கொள்வோம். அந்த வெற்றியில் எவ்வளவு அவனுடையது? இதுதான் என் கேள்வி. இதற்கு விடை தேட, கரிசலை விட்டுக் கொஞ்சம் கடற்கரைக்குப் போக வேண்டியிருக்கிறது.

எப்போதும்வென்றானிலிருந்து தென்கிழக்கே போனால் ஒரு மணி நேரத்துக்குள் தூத்துக்குடிக் கடல் வந்துவிடும். அது சாதுவான கடல். நாளுக்கு இரு முறை ஏறுகிறது. இரு முறை வற்றுகிறது. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு, அமாவாசை, பௌர்ணமி நாட்களிலும் ஒரு மீட்டரைத் தொடுவதில்லை. கரையில் விளையாடும் பிள்ளைகளின் கணுக்கால் நனைவதும் காய்வதுமாக அந்த வேறுபாடு முடிந்துபோகிறது.

அதே நாளில், அதே நிலவின் கீழ், குஜராத்தில் நடப்பது வேறு. அங்கே காம்பே வளைகுடா என்று நாம் பாடப் புத்தகத்தில் படித்த கம்பாத் வளைகுடா இருக்கிறது. அதன் மேற்குக் கரையில் உள்ள பவநகர்ப் பக்கம் கடல் சுமார் 10 மீட்டர் உயர்கிறது. மூன்று மாடி வீட்டின் உயரம் அது! ஆறு மணி நேரத்துக்கு முன் படகு மிதந்த இடத்தில் சேறு பரந்து கிடக்கும். படகு ஒருக்களித்துச் சாய்ந்திருக்கும். இன்னும் ஆறு மணி நேரம் பொறுத்தால் அந்தச் சேற்றின் மேல் கப்பலே வந்துவிடும். உலகிலேயே மிக உயர்ந்த ஏற்றம் கானடா நாட்டின் ஃபண்டி வளைகுடாவில் வருகிறது. அங்கே பர்ன்ட்கோட் முனையில் அது 16 மீட்டரை எட்டும்.

குஜராத்துக் கடல் அதிகமாக உழைத்ததா? தூத்துக்குடிக் கடல் சோம்பிப் படுத்துவிட்டதா? இரண்டும் இல்லை. இரண்டையும் இழுப்பது ஒரே நிலவு. ஆழ்ந்த நடுக்கடலில் அந்த நிலவு உயர்த்தும் நீர் ஒரு மீட்டருக்கும் குறைவே. மற்றதெல்லாம் கரையின் வேலை. கம்பாத் வளைகுடா தெற்கே அகன்ற வாயோடு தொடங்கி, வடக்கே போகப் போக ஒடுங்குகிறது. எண்ணெய் ஊற்றும் புனலைப் படுக்கவைத்தது போன்ற வடிவம். அடித்தளமும் ஆழமில்லாதது. உள்ளே நுழைந்த நீருக்குப் பக்கவாட்டில் போக இடமில்லை. கீழே இறங்கவும் இடமில்லை. ஆகவே அது மேலே எழுகிறது. ஃபண்டியில் இன்னொரு காரணமும் சேர்கிறது. அந்த வளைகுடாவின் நீர் ஒருமுறை உள்ளே போய்த் திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரமும், கடல் ஏறி வற்றும் நேரமும் ஏறக்குறைய ஒன்று. ஊஞ்சல் திரும்பும் சமயம் பார்த்துத் தள்ளிவிட்டால், சின்னக் கை தள்ளினாலும் அது விட்டத்தைத் தொடப் பார்க்கும் அல்லவா? அதைப் போலத்தான்.

சென்னையில் மளிகைக் கடை வைத்துச் செழித்த எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவருக்குக் கடல் கதை பிடித்தது. அதிலிருந்து நான் எங்கே போகப் போகிறேன் என்று தெரிந்ததும் பிடிக்கவில்லை.

“தம்பி, பதினாலு வயசுல கையில ஒத்தக் காசு இல்லாம ரயிலேறினவன் நான். இன்னிக்கு மூணு கடை. எல்லாம் இந்த உடம்பு உழைச்ச உழைப்பு. எங்க சித்தப்பா மகனைப் பாருங்க. இன்னும் கரிசலைக் கிண்டிக்கிட்டு இருக்கான். சோம்பேறிப் பய!” என்றார்.

“சென்னையில இறங்கி எங்க போனீங்க, அண்ணாச்சி?”

“எங்க தாய்மாமன் கடைக்குத்தான். வேற எங்க போக?”

“அவர் உங்க சித்தப்பா மகனுக்கும் மாமனா?”

அவர் சிரித்துவிட்டார். “அது எப்படித் தம்பி ஆகும்?” என்றவர், சிறிது நேரம் கழித்து, “இருந்தாலும் மூட்டை தூக்கினது நான்தானே? மாமனா தூக்கினார்?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. அதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. எல்லாம் கரையின் வடிவம்தான் என்றால், மூட்டை தூக்கிய தோளுக்கு மதிப்பே இல்லையா?

உண்டு. ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘எரித்திரியக் கடல் செலவு’ என்ற நூலில் இதே கம்பாத் வளைகுடாவின் ஏற்றவற்றம் வருகிறது. நருமதை முகத்தில் இருந்த பாருகச்சத் துறைமுகத்துக்கு, இன்றைய பரூச்சுக்கு, வந்த அயல்நாட்டுக் கப்பல்கள் அந்த நீரோட்டத்தில் சிக்கித் தடுமாறின. ஆகவே அரசனின் ஊழியத்தில் இருந்த உள்ளூர் மீனவர்கள் படகோடு எதிர்கொண்டு போய் அவற்றை அழைத்துவந்தார்கள். ஏற்றத்தில் இழுத்துச் செல்வது, வற்றத்தில் ஆழமான இடம் பார்த்து நிறுத்துவது, மறு ஏற்றத்தில் மறுபடி இழுப்பது. அந்த மீனவர்கள் கடலை ஓர் அங்குலம்கூட உயர்த்தவில்லை. ஆனால் அவர்கள் இல்லாவிட்டால் அந்த உயரம் கப்பலைக் கரை சேர்த்திராது, உடைத்திருக்கும். உழைப்பு என்பது இதுதான். ஏற்றத்தை உண்டாக்குவது அதன் வேலை அல்ல. வந்த ஏற்றத்தை வீணாக்காமல் கொள்வதே அதன் வேலை. அண்ணாச்சி தூக்கிய மூட்டைக்கு மதிப்பு உண்டு. ஆனால் அந்த மூட்டை கிடந்த இடத்துக்கு அவரைக் கொண்டுவந்தது அவர் தோள் அல்ல.

சரி, ஏற்றமே வராத கரையில் ஒருவன் உழைத்தால்? அதற்கும் நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. எப்போதும்வென்றானுக்கு அருகில் உள்ள ஒட்டப்பிடாரத்தில் 1872-இல் பிறந்தார் வ.உ. சிதம்பரம் பிள்ளை. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டார். 1908-இல் சிறை, கோயமுத்தூர்ச் சிறையில் செக்கு. அவர் 1912-இல் வெளியே வந்தபோது கம்பெனியும் இல்லை, கப்பலும் இல்லை. வறுமையோடு போராடி 1936-இல் மறைந்தார். நீர்மட்டத்தை வைத்து அளந்தால் அவர் தோற்றவர். அப்படி அளக்க நமக்கு நா எழுமா? 2011-இல் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். அது அவரை உயர்த்திவிடவில்லை. அவர் உயரம் 1912-லும் அதேதான். நம் கண்தான் தாமதமாகப் பார்த்தது.

ஐப்பசி மழையை நம்பி, வானம் இருளுமுன்பே பருத்தியையும் உளுந்தையும் விதைத்துவிட்டுக் காத்திருக்கும் கரிசல் சம்சாரியும் அப்படித்தான். மழை வந்தால் கெட்டிக்காரன் என்கிறோம். வராவிட்டால் புத்தி கெட்டவன் என்கிறோம். விதைத்த கை இரண்டு ஆண்டிலும் ஒன்றே.

இப்படிச் சொன்னால், “எல்லாம் விதி என்கிறீர்களா?” என்று கேட்பார்கள். விதி என்ற சொல் மேட்டில் நிற்பவனுக்கு மிக வசதியானது. பள்ளத்தில் கிடப்பவனைப் பார்த்து, “அவன் தலையெழுத்து” என்று சொல்லிவிட்டு நடந்துவிடலாம். திருக்குறளில் ஊழ் என்று ஓர் அதிகாரம் இருக்கிறது, அது 38-ஆவது. ஆள்வினையுடைமை என்று, முயற்சியைப் போற்றும் அதிகாரமும் இருக்கிறது, அது 62-ஆவது. இரண்டையும் எழுதியது ஒரே கை. இது முரண்பாடு என்று பலர் வாதாடியிருக்கிறார்கள். எனக்கோ, இரண்டையும் யார் விஷயத்தில் எதைப் பார்ப்பது என்பதில்தான் குழப்பமே தவிர, நூலில் குழப்பம் இல்லை என்று தோன்றுகிறது. என்னை நான் எடைபோடும்போது முயற்சியைப் பார்க்க வேண்டும்: செய்ய வேண்டியதைச் செய்தேனா? பிறரை எடைபோடும்போது ஊழை நினைக்க வேண்டும்: அவன் நின்ற கரை எப்படிப்பட்டதோ? நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். நமக்கு வந்த வெற்றி முயற்சி. நமக்கு வந்த தோல்வி விதி. அடுத்தவன் வெற்றி அதிர்ஷ்டம். அடுத்தவன் தோல்வி சோம்பல்.

இப்படி நினைத்துக்கொண்டு இருந்துவிட்டால் போதுமா? போதாது. அதே வளைகுடாவின் கரையில் அலங் என்ற ஊர் இருக்கிறது. 1983-ஆம் ஆண்டு முதல் அங்கே பழைய கப்பல்களை உடைக்கிறார்கள். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது நிலவும் கரையும்தான் என்று சொல்லலாம். பெரிய ஏற்றம் வரும் நாளில் கப்பலை முழு வேகத்தில் கரைமேல் ஓட்டிவிடுவார்கள். கடல் வற்றும், கப்பல் சேற்றில் நிற்கும். 1959-இல் பிரிட்டிஷ் கடற்படையில் ஹெர்மீஸ் என்ற பெயரில் சேர்ந்து, 1982-இல் ஃபாக்லாந்து யுத்தத்தை வென்று, 1987 முதல் நம் நாட்டுக்கு விராட் என்ற பெயரில் உழைத்த விமானந்தாங்கிக் கப்பலும் 2020 செப்டம்பரில் அங்கே வந்து நின்றது. வென்ற கப்பல்தான். எப்போதும் அல்ல.

அந்தக் கப்பல்களை வெட்டுகிறவர்கள் ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார், உத்தரப் பிரதேசம் ஆகிய இடங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள். பல ஆண்டுகளாக, விழுந்த இரும்பிலும் வெடித்த வாயுவிலும் பலர் உயிரிழந்திருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான டன் எடையுள்ள கப்பலைத் தூக்கிக் கரையில் வைத்த ஏற்றம், அவர்களில் ஒருவரையும் தூக்கி வைக்கவில்லை. ஒரே நீர்தான். ஒருவருக்கு லாபத்தைக் கொண்டுவந்து விடுகிறது. இன்னொருவருக்குச் சேற்றை மட்டும் விட்டுப் போகிறது. லாபம் பெற்றவன், “ஏற்றம் என்னுடையது அல்ல” என்று ஒப்புக்கொண்டால், அடுத்த வார்த்தையாகக் கூலியைப் பற்றியும் உயிர்க் காப்பைப் பற்றியும் பேசித்தானே ஆக வேண்டும்?

பவநகருக்கு அருகே கோலியாக் என்ற ஊரில் கடலுக்குள் ஐந்து சிவலிங்கங்கள் இருக்கின்றன. ஏற்றத்தில் அந்த மேடை மூழ்கிவிடும்; வற்றத்தில் பக்தர்கள் சேற்றில் நடந்து போய் வணங்குவார்கள். நிஷ்களங்க மகாதேவர் என்பது பெயர், களங்கம் இல்லாதவர். பாரத யுத்தத்தை வென்ற பாண்டவர்கள், உறவினரைக் கொன்ற பாவம் போக்க இடம் தேடி அலைந்ததாகவும், கண்ணன் கொடுத்த கறுப்புக் கொடி இங்கே வந்தபோது வெளுத்ததாகவும் கதை சொல்கிறார்கள். கொடி வெளுத்ததைவிட, அவர்கள் அதைக் கையில் ஏந்திப் புறப்பட்டதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. வென்ற பிறகு, “இது கறுப்பு” என்று கொடியைப் பார்த்துச் சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்?

அண்ணாச்சியிடம் நான் கேட்க நினைத்தது இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. “கையில காசில்லாம ரயிலேறினேன்னு சொன்னீங்களே, டிக்கெட் யார் எடுத்தா?”

அவர் உடனே பதில் சொல்லவில்லை. மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“தங்கச்சி அப்போ தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்க்கிட்டு இருந்தா. கட்டை அடுக்குற கூலி. அம்மா அதுலேருந்துதான் எடுத்துக் கொடுத்தா.”

அந்தத் தங்கைக்கும் அதே மாமன்தான், அதே கடைதான். ஆனால் பெண்ணை ரயிலேற்றும் வழக்கம் அப்போது இல்லை. எப்போதும்வென்றான் என்ற சொல்லை இலக்கண ஆசிரியரிடம் கொடுத்தால், ஆண்பால், ஒருமை என்று பிரித்துச் சொல்லிவிடுவார். சொல்லுக்கு அது சரி. வெற்றி ஒருமையில் வருவதே இல்லை. மாமனும், அம்மாவும், சிறுவிரல் தேயக் கட்டை அடுக்கிய ஒரு சிறுமியும் சேர்ந்துதான் ஒருவன் வென்றான்.

அண்ணாச்சியின் மூன்று கடைகளிலும் வரவு செலவுப் புத்தகம் ஒழுங்காக இருக்கிறது. கொள்முதல், கூலி, கடன், வட்டி எல்லாம் அதில் உண்டு. அந்த ஒரு டிக்கெட் மட்டும் எந்தப் பக்கத்திலும் ஏறவில்லை. தங்கை இருக்கிறாரா என்று கேட்டேன். ஊரில்தான் இருக்கிறார் என்றார். அந்தக் கணக்கை முடிக்க இன்னும் நேரம் இருக்கிறது.