நன்மைக்குப் பொய் துணையா?

பொய் சொல்வது தீது. இதனை மறுப்பார் இல்லை. ஆனால், ஒரு பொய்யினால் ஓர் உயிர் பிழைக்குமானால்? மெய்யை உரைத்து ஓர் உயிரை இழப்பதினும், பொய்யை உரைத்து அதனைக் காப்பது மேலன்றோ? இந்த வினாவை எழுப்பாத அறநூல் இல்லை. எழுப்பிய பின் எளிதாக விடை கண்ட நூலும் இல்லை.

நமக்கு இது ஏட்டளவில் நிற்கும் வினாவன்று. கரிசல் மண்ணில் காலில் குத்தும் நெருஞ்சி. அருப்புக்கோட்டையின் தறியொலி கேட்கும் தெருக்களிலும், மழை பொய்த்தால் கண்மாய் வெடித்துக் கிடக்கும் திருச்சுழி வட்டாரத்துச் சிற்றூர்களிலும் தடுப்பூசிப் பணிக்குத் துணைசெல்லும் இளைஞர் எவரும் இதனைச் சந்தித்தே தீருவர். மூத்த பிள்ளைக்கு முத்துப் போட்டிருக்கும். வாசலில் வேப்பிலை தொங்கும். வீட்டில் தாளிப்பு நின்றிருக்கும். இளைய பிள்ளைக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போடவேண்டிய நாளோ வந்திருக்கும். “ஆத்தா வந்திருக்கிற வீட்டில் ஊசியா? கோபித்துக்கொள்வாள், இருக்கன்குடிக்கு நேர்ந்திருக்கிறோம், இறங்கிவிடுவாள்” என்பார் தாய். அப்போது, “அந்த ஆத்தாளேதான் இந்த மருந்தாக வந்திருக்கிறாள், அம்மா!” என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், குழந்தையின் தோளுக்கு ஊசி வந்துவிடும். சொல்லலாமா?

தோழர்களே! இந்த வாக்கியம் புதியதன்று. இதற்கு இருநூறு ஆண்டு வயது. முதன்முதல் சொன்னவர்களுள் ஒருவர் நம் மதிப்பிற்குரியவர். திராவிட மொழிகள் வடமொழியின் கிளைகளல்ல, தனிக்குடும்பம் என்று 1816ஆம் ஆண்டிலேயே சான்று காட்டிய பிரான்சிஸ் வைட் எல்லிஸ். குறளில் தோய்ந்தவர், சென்னையின் ஆட்சித்தலைவர், தம்மை ‘எல்லீசன்’ என்று தமிழில் பொறித்துக்கொண்டவர். எந்த இராமநாதபுரத்தின் பெயரால் 1985 வரை நம் மாவட்டம் வழங்கியதோ, அந்த ஊரிலேயே 1819 மார்ச்சில் மறைந்தவர்.

அவர் காலத்தில் பெரியம்மை தாக்கியோரில் ஏறத்தாழப் பத்துக்கு மூவர் மாண்டனர், பிழைத்தோர் தழும்பு சுமந்தனர், கண்ணிழந்தோரும் பலர். இங்கிலாந்தில் எட்வர்டு ஜென்னர் 1796இல் கண்ட அம்மைப்பால் முறை 1802இல் இந்தியாவுக்கு வந்துவிட்டது. மருந்து வந்தது, மக்கள் வரவில்லை. என் செய்தார் எல்லிஸ்? பசுவின் மடியில் தோன்றும் அம்மை தன் அருட்கொடையே என்று சக்தி தன்வந்திரிக்கு உரைப்பதாக ஒரு கதை புனைந்தார். பழைய தாளில் எழுதி, பழஞ்சுவடியாகக் கண்டெடுக்கப்பட்டது போல் அவர் ஒரு நூலை உலவவிட்டார் என்றும் குறிப்புகள் உண்டு. நோக்கம் பணமன்று, புகழன்று, குழந்தைகளின் உயிர்.

இந்தப் பொய்க்காக வழக்காட நாமே முன்வருவோம். எதிர்த்தரப்பின் வலுவை அறியாதவன் தன் தரப்பின் வலுவையும் அறியான். குழந்தைக்கு உயிர் ஒன்று. அறிவு வளர்வதற்கோ ஆண்டுகள் உண்டு. முதலில் உயிரைக் காத்துவிட்டுப் பிறகு அறிவைப் புகட்டலாமே! குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் மெய்யின் வரிசையில் நிற்கத் தகும் என்று வள்ளுவரே இசைவு தந்திருக்கிறாரே! தாயிடம் தர்க்கம் பேசி, குழந்தையைக் கொள்ளைநோய்க்குக் கொடுப்பதா பகுத்தறிவு?

வலுவான வழக்குத்தான். ஆயினும் வள்ளுவர் வைத்த நிபந்தனையை மறவாதீர்: நன்மை ‘குற்றமற்றதாக’ இருக்கவேண்டும். ஊசி போட்ட அன்று மாலையோடு கணக்கு முடிந்துவிடுகிறதா? பொய் அந்த வீட்டோடு நின்றுவிடுகிறதா? இதைத்தான் ஆராயவேண்டும்.

கேளுங்கள். எல்லிஸ் மறைந்து எண்பத்தாறு ஆண்டுகள் சென்றன. 1905 பிப்ரவரியில், சென்னைக் கிண்டியில் அம்மைப்பால் ஆக்கும் கிங் நிலையம் திறக்கப்பட்டபோது, ஆளுநர் ஆம்ப்தில் பிரபு பேசினார். பசுவின் வழியே அம்மைப்பால் பெறும் முறையைப் பண்டை இந்தியர் அறிந்திருக்கக்கூடும் என்றார். சான்றாகத் தன்வந்திரியின் பெயரால் வழங்கிய மேற்கோளைச் சுட்டினார். அடுத்த ஆண்டே அந்தப் பேச்சு, இந்துக்களின் மேன்மையை நிலைநாட்ட எழுந்த நூலொன்றில் சான்றாக ஏறிற்று. டொமினிக் வுஜாஸ்டிக் என்னும் ஆய்வாளர் 1987இல் இதன் வேரைத் தோண்டிப் பார்த்தார். மூல நூல் இல்லை. ஜென்னருக்கு முந்தைய சான்று இல்லை. எல்லிஸ் காலத்துச் சென்னையில் முளைத்த நல்லெண்ணப் புனைவின் தடங்களே கிடைத்தன.

பார்த்தீர்களா பொய்யின் பயணத்தை! குழந்தையைக் காக்கப் புறப்பட்டது, பழமைக்குக் காவல் நிற்கப் போய்விட்டது. எல்லாம் எம் முன்னோர் அன்றே கண்டதுதான் என்று மார்தட்டுவோர் கைக்கு ஆயுதமாயிற்று. எந்த எல்லிஸ் தமிழின் தனித்தன்மையைச் சான்று காட்டி நிறுவினாரோ, அவர் காலத்துப் புனைவு, சான்றே இல்லாத பெருமைக்குச் சான்றாயிற்று. மருந்து ஊட்டுவதற்குத் தந்த வெல்லத்தைக் குழந்தை விழுங்கிற்று. மருந்தைப் பற்றி ஒன்றும் கற்கவில்லை.

இது முதற் குற்றம். இரண்டாவது, இதனினும் ஆழமானது. ஆத்தாள் சொன்னாள் என்பதற்காக ஊசி போட்டுக்கொண்டவர், ஆத்தாள் வேண்டாமென்கிறாள் என்று நாளை ஒரு குறிசொல்லி கூறினால் என் செய்வார்? நாம் பயன்படுத்திய பூட்டைத் திறக்க அவனிடமும் சாவி உண்டே! 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லாத் தடுப்பூசி இயக்கம் பள்ளிக்கூடங்களில் நடந்தபோது, அதைத் தயங்கவைத்தது கோயிலன்று, கைப்பேசி. ஊசி போட்டால் பிள்ளைக்கு ஆபத்து என்று ‘வாட்ஸ்அப்’ செய்திகள் பறந்தன; படித்த பெற்றோரே பிள்ளைகளை வீட்டில் நிறுத்தினர்; இயக்கத்தின் நாளை நீட்டிக்க வேண்டியதாயிற்று. யார் சொன்னார் என்று மட்டும் கேட்டு, என்ன சான்று என்று கேட்கப் பழகாத மனம், சாமியாடியிடமிருந்து கைப்பேசிக்கு மாறினாலும் அடிமை மனமே. நல்ல பொய்யால் பணியவைத்தவன், தீய பொய்க்கும் பணியப் பழக்கினவன் ஆகிறான்.

மூன்றாவதும் உண்டு. பொய்க்குத் தன்னைத் திருத்திக்கொள்ளும் ஆற்றல் இல்லை, அறிவியலுக்கு உண்டு. ஜென்னர் கையாண்டது பசுவின் அம்மை என்றே உலகம் எண்ணிற்று. ஆனால் தடுப்பூசியில் பயன்பட்ட வைரசு, பசுவம்மை வைரசினின்று வேறானது என்று 1939இல் ஆலன் டௌனி காட்டினார். 1902ஆம் ஆண்டைச் சேர்ந்த அமெரிக்க அம்மைப்பால் ஒன்றின் மரபணுவை ஆய்ந்து 2017இல் வெளியிட்டனர். அது குதிரையம்மை வைரசுக்கு மிக நெருங்கியதாக இருந்தது! அறிவியல் நாணவில்லை, நேற்றைய கூற்றைத் திருத்தி எழுதிற்று. பசுவின் புனிதத்தில் கட்டிய கதையோ என்னவாகும்? குதிரைக்கும் ஒரு புராணம் எழுதவேண்டும்!

மருந்திலும் குறை நேர்வதுண்டு. இதை மறைப்பவன் மருந்தின் நண்பன் அல்லன். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்டபின் நான்கு குழந்தைகள் இறந்தன. அதன்பின் ஊசி போடும் இடத்தையும் முறையையும் அரசு மாற்றிற்று. வாய்வழிப் போலியோச் சொட்டு மருந்தில் உள்ள வலுக்குன்றிய உயிர்வைரசு, மிக அரிதாக வலுப்பெற்று நோய் தருவதும் உண்டு. அதனால்தான் ஊசி வடிவப் போலியோ மருந்தையும் 2015 முதல் சேர்த்தனர். மருந்தை ‘அம்மனின் அருள்’ என்று சொல்லி வைத்தவன், இத்தகைய நாளில் தாயின் முகத்தை எப்படிப் பார்ப்பான்? அருளில் எப்படிப் பிழை வந்தது என்பானா? ‘மனிதர் ஆக்கியது, நன்மை பெரிது, தீமை அரிது, அரிதாயினும் உண்டு, நேர்ந்தால் ஆராய்வோம்’ என்று முதலிலேயே சொன்னவன் அன்றும் அந்த வாசலில் நிற்கலாம்.

மெய்க்கும் ஒரு கடமை உண்டு: அது விரைந்து நடக்கவேண்டும். 2021 ஏப்ரல் 15ஆம் நாள் கொரோனாத் தடுப்பூசி போட்டுக்கொண்ட நடிகர் விவேக் 17ஆம் நாள் மறைந்தார். ஐயம் உடனே ஊர்சுற்றியது. தடுப்பூசிக்கும் அச்சாவுக்கும் தொடர்பில்லை என்ற நடுவண் ஆய்வுக்குழுவின் முடிவோ அக்டோபரில்தான் வெளிவந்தது. இடைப்பட்ட மாதங்கள் வதந்திக்கு விளைநிலமாயின.

“சரி, பொய் வேண்டா, சட்டத்தால் கட்டாயப்படுத்தலாமே” என்பார் உளர். பொதுச் சுகாதாரத்திற்கெனத் தனிச் சட்டம் 1939லேயே கண்டது நம் மாநிலம். கட்டுப்பாடு நமக்குப் புதிதன்று. ஜேக்கப் புலியேல் தொடுத்த வழக்கில், 2022 மே 2ஆம் நாள் உச்சநீதிமன்றம் ஒரு கோடு கிழித்தது: எவர் உடம்பிலும் வலிந்து ஊசி ஏற்றக்கூடாது, ஆயினும் பொதுநலம் கருதி, அளவோடு பொருந்தும் கட்டுப்பாடுகளை அரசு விதிக்கலாம், ஊசியின் பின்விளைவு பற்றிய செய்திகளை மக்கள் அறிய வெளியிடவேண்டும். இறுதிப் பகுதியை அடிக்கோடிடுங்கள். உண்மையை வெளியிடாத அரசுக்குக் கட்டளையிடும் அறத்தகுதி குறைகிறது. பொய், வற்புறுத்தல் இரண்டும் உடன்பிறப்புகள். ஒன்று அறிவை விலக்கிவிட்டு மனிதனை நடத்துகிறது; மற்றது விருப்பை விலக்கிவிட்டு நடத்துகிறது. இரண்டுக்கும் மனிதன் ஒரு பொருள், தன்மானமுள்ள உயிரல்லன்.

“கொள்ளைநோய் கொழுந்துவிட்டு எரிகையில் விளக்கம் சொல்ல நேரமேது?” என்று கேட்கலாம். வரலாற்றைப் பாருங்கள். 1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை ஒழிந்தது. 1980 மே 8ஆம் நாள் உலகமே அதனின்று விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. அந்தப் போரில் சில இடங்களில் வற்புறுத்தலும் நடந்தது, மறைக்கவேண்டா. ஆனால் வெற்றி தந்த வழி, வீடுவீடாகத் தேடி நோயாளியைக் கண்டு, அவரைச் சூழ்ந்தோர்க்கெல்லாம் ஊசி போட்டு, நோயை வளைத்து நிறுத்தியது. போலியோவில் இன்னும் தெளிவு. மூன்று தவணை சொட்டு மருந்து நம் நாட்டுக் குழந்தைகள் பலருக்குப் போதவில்லை என்ற கசப்பான மெய்யை வேலூர் மருத்துவர் ஜேக்கப் ஜான் ஆய்ந்து சொன்னார். மெய் கசந்தது, பயன் தந்தது. கூடுதல் தவணைகள் வந்தன. 2011 சனவரி 13க்குப் பின் இயற்கைப் போலியோ இந்நாட்டில் எந்தக் குழந்தையையும் முடமாக்கவில்லை. 2014 மார்ச் 27இல் சான்றிதழும் வந்தது.

ஆகவே விடை இதுதான்: நன்மைக்குப் பொய் துணையாகாது. அது கடன், அடுத்த தலைமுறை வட்டியோடு கட்டவேண்டிய கடன்.

ஆனால் நில்லுங்கள்! பொய் சொல்லமாட்டேன் என்பவன் ஏளனம் செய்ய உரிமை பெற்றுவிட்டதாக எண்ணவேண்டா. வேப்பிலையைக் கண்டு நகைப்பவனும், ஆத்தாளின் பெயரால் ஏய்ப்பவனும் அந்தத் தாயை ஒரே கண்ணால்தான் பார்க்கிறார்கள்: சிந்திக்க இயலாதவர் என்று. பொய்க்கும் நகைப்புக்கும் நடுவே மூன்றாவது வழி உண்டு, அது விளக்கம். நோயுற்ற பிள்ளையைத் தனியே வைத்திருக்கிறீர்கள், நன்று. நோய் பிறர்க்குத் தொற்றாமலிருக்க அது உதவும் என்று முதலில் சொல்லுங்கள். தட்டம்மை காற்றில் பரவும் வைரசால் வருவது என்று சொல்லுங்கள். ஒன்பது மாதம் நிறையாத பச்சிளங்குழந்தைக்கு இங்கு அந்த ஊசி போடுவதில்லை. ஊரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குக் குறையாமல் காப்புப் பெற்றால்தான் அந்தக் குழந்தைக்கும் அரண் என்று சொல்லுங்கள். ஊசிக்குப் பின் காய்ச்சல் வரலாம், இரண்டொரு நாளில் தணியும், தணியாவிட்டால் எங்கே வரவேண்டும் என்றும் சொல்லுங்கள். ஒரு நாளில் இசையாவிட்டால் மறுநாள் செல்லுங்கள். மூன்றாம் நாளும் செல்லுங்கள். பொய்க்கு ஒரு நிமிடம் போதும்; மெய்க்கு நான்கு நடை வேண்டும். அந்த நடைக்குச் சோம்பியவன் கண்டுபிடித்த குறுக்குவழியே பொய்.

கிணறு வெட்டக் கரிசலில் ஆழம் மிகுதி. ஆயினும் கானல்நீரைக் காட்டி எவரும் தாகம் தீர்த்ததில்லை. மன்றந்தோறும் இளைஞர் இருவர் இருவராகப் புறப்படுங்கள். கிராமச் சுகாதாரச் செவிலியர்க்குத் துணைநில்லுங்கள். கேட்ட வினாவுக்கெல்லாம் விடை கூறுங்கள். காத்த உயிரோடு வளர்ந்த அறிவும் சேர்ந்தால்தான் அது சீர்திருத்தம்.