மயிலுக்குப் போர்வை

மாதம் பிறந்ததும் என் வங்கிக் கணக்கிலிருந்து 50 வெள்ளி தானாகக் கழிந்து ஒரு விலங்குக் காப்பகத்துக்குப் போய்விடும். மூன்று வருடமாக இப்படித்தான். எங்கள் புளோக் கீழ்த்தளத்துப் பூனைகளுக்கு வாரத்தில் இரண்டு இரவு தீனி வைப்பதும் நான்தான். போன தீபாவளிக்கு முந்தின வாரம் அம்மா வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "பூனைக்கு மாசாமாசம் அம்பது வெள்ளி கட்டுறியே, உன் மாமா ராத்திரி எங்க படுக்குறாருன்னு என்னிக்காவது கேட்டியா?"

மாமா அப்போது ஒரு காப்பிக் கடைக்குப் பின்னால் படுத்துக்கொண்டிருந்தார். அது எனக்குத் தெரியும். தெரியாதது போல இருந்தேன்.

'மனுசனுக்கே வழியில்ல, பூனைக்கு என்ன கேடு?' என்று கேட்பவர்களை எனக்குப் பழக்கம் உண்டு. அவர்களில் பலர் மனிதருக்கும் ஒரு காசு கொடுக்காதவர்கள். அந்த வரிசையை ஒத்துக்கொண்டால் அதற்கு முடிவும் இல்லை. இங்கே வீடில்லாதவருக்கு முன்னால் போர் நடக்கும் நாட்டுக் குழந்தை வந்து நிற்கும், அதற்கு முன்னால் இன்னொரு குழந்தை. பூனைகளின் முறை வரவே வராது. இத்தனைக்கும் இந்த ஊரில் பூனைக்கும் வீட்டுப் பிரச்சினைதான். வீவக வீடுகளில் பூனை வளர்க்கும் தடை 2024 செப்டம்பர் 1ஆம் தேதிதான் நீங்கியது, அதுவும் வீட்டுக்கு இரண்டு. தெருப்பூனையைப் பிடித்து, கருத்தடை செய்து, அடையாளத்துக்கு இடது காது நுனியைக் கத்தரித்து, பிடித்த இடத்திலேயே விடுகிற வேலையில் பாதியைத் தொண்டூழியர்கள்தான் தூக்கிச் சுமக்கிறார்கள். விலங்கு வதைத் தடுப்புச் சங்கம், பூனை நலச் சங்கம் மாதிரியான அமைப்புகள் நன்கொடையை நம்பி நடப்பவை. அந்த 50 வெள்ளிக்காக நான் வெட்கப்படவில்லை.

ஆனால் அம்மாவை அந்தக் கூட்டத்தில் சேர்க்க முடியாது. அவர் தம்பிக்குக் கொடுத்துக் கொடுத்து ஓய்ந்தவர். அதனால்தான் அவருக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அன்று ராத்திரி எனக்குப் பேகன் ஞாபகம் வந்தான். மயிலுக்குப் போர்வை கொடுத்தவன் என்று பள்ளியில் படித்து, சிரித்து, பரீட்சை எழுதி மறந்த வள்ளல். மயில் அதைப் போர்த்திக்கொள்ளாது என்று அவனுக்கும் தெரியும், அவனைப் பாடிய பரணருக்கும் தெரியும். கணக்குப் பார்க்காத அந்தக் கொடைக்குக் கொடைமடம் என்று பெயர். பள்ளியில் சொல்லித் தராத மீதி புறநானூற்றில் 143லிருந்து 147 வரை இருக்கிறது. பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறொரு பெண்ணிடம் இருக்கிறான். கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் நான்கு பேரும் அவனிடம் கேட்டது அவளிடம் திரும்பிப் போ என்பதைத்தான். மயில் குளிரில் நடுங்குகிறதே என்று இரங்கியவனுக்கு வீட்டில் ஒருத்தி அழுவது கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை? மயிலுக்கும் அவனுக்கும் பழைய கணக்கு எதுவும் கிடையாது என்பதால் என்று நினைக்கிறேன். என் பூனைகளும் அப்படித்தான். அவை அப்பாவிடம் 3,000 வெள்ளி கடன் வாங்கித் திருப்பித் தராமல் இருந்ததில்லை. அக்கா கல்யாணத்தில் குடித்துவிட்டு வந்து மைக்கைப் பிடுங்கியதில்லை. தீனியை வைத்தால் சாப்பிட்டுவிட்டுப் போய்விடும். மாமாவிடம் போனால் முதலில் அந்த மைக்கைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும்.

லீ குவான் இயூ பொதுக் கொள்கைப் பள்ளி 2019இல் வெளியிட்ட கணக்கெடுப்பு, தெருவில் தூங்குபவர்கள் 921 முதல் 1,050 பேர் வரை இருக்கலாம் என்றது. பேட்டி கொடுத்தவர்களில் பாதிக்கு மேல் வேலைக்குப் போகிறவர்கள். மாமாவும் துப்புரவு வேலை பார்த்தவர்தான். ஒரு ஒற்றையருக்கு வீவக வாடகை வீடு வேண்டுமென்றால் இன்னொரு ஒற்றையரோடு சேர்ந்து எடுக்கலாம். நெடுங்காலம் அந்த இன்னொருவரை விண்ணப்பிப்பவரே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. எல்லாரோடும் சண்டை போட்டுத் தெருவுக்கு வந்த மனிதரிடம், கூரை வேண்டுமென்றால் ஒரு நண்பரைக் கூட்டிக்கொண்டு வா என்று சொன்னால் அவர் எங்கே போவார்? 2021 இறுதியில்தான் சமூக சேவை அமைப்புகளே ஆளைப் பொருத்தி, சச்சரவையும் தீர்த்துவைக்கும் முறையைச் சோதித்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஹோம்லெஸ் ஹார்ட்ஸ் ஆஃப் சிங்கப்பூர் போன்ற குழுக்களின் தொண்டூழியர்கள் ராத்திரியில் நடந்துபோய்த் தெருவில் படுத்திருப்பவர்களோடு உட்கார்ந்து பேசுகிறார்கள். அவர்களுக்கும் மாமாவோடு பழைய கணக்கு இல்லை. அது ஒரு வசதிதான். நாங்கள் யாரும் போய் உட்காராத இடத்தில் அவர்களால் உட்கார முடிகிறது.

அப்படி ஒரு குழு மூலமாகத்தான் மாமாவுக்கு இப்போது ஓரறை வீட்டில் பாதி கிடைத்திருக்கிறது. மறுபாதியில் ஒரு சீனத் தாத்தா. இரண்டு பேருக்கும் பொதுவான பாஷை பாசார் மலாய். காற்றாடியை எத்தனையில் வைப்பது என்று தினமும் தகராறாம். அம்மா சொல்லித் தெரியும்.

அந்தக் குழுவுக்கும் இப்போது மாதம் 30 வெள்ளி போகிறது. பூனைக்குப் போவதைக் குறைக்கவில்லை. அம்மாவிடம் சொன்னேன். "சரி," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "காசு அனுப்பிட்ட. நீ எப்ப போற?" என்றார்.

நாலு புலவர்களும் இதைத்தான் கேட்டார்கள். அத்தனை பேரில் ஒருவர்கூட மயிலிடமிருந்து போர்வையைத் திரும்ப வாங்கச் சொல்லவில்லை.

மாமாவின் புளோக் எங்கள் வீட்டிலிருந்து ஏழு பேருந்து நிறுத்தம். இந்த ஞாயிறு வருகிறேன் என்று போனில் சொல்லியிருக்கிறேன். போன ஞாயிறும் அப்படித்தான் சொன்னேன்.