யாக்கோபுக்காக ஜெபிக்கவில்லையா?



2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள். காலை ஆறரை மணி வாக்கில் சுமத்திரா பக்கம் கடலுக்கடியில் பூமி அதிர்ந்தது. ஒன்பது மணிக்கெல்லாம் அலை நம் கரைக்கு வந்துவிட்டது. தமிழ்நாட்டில் மட்டும் ஏறக்குறைய 8,000 பேர் மாண்டார்கள். அதில் 6,000 பேருக்கு மேல் நாகப்பட்டினம் மாவட்டத்தில். அன்றிலிருந்து டீக்கடையில் கேட்கிறார்கள், ஆபீசில் கேட்கிறார்கள், நம் வீட்டு காலேஜ் பிள்ளைகளே கேட்கிறார்கள்: "உங்க ஆண்டவர் அன்பானவர்னா, சர்ச்சுக்குப் போனவனையும் சேர்த்து ஏன் சாகவிட்டாரு?"

நம்மில் சிலர் இரண்டு பதில் கைவசம் வைத்திருக்கிறார்கள். ஒன்று, "பாவத்துக்கு வந்த தண்டனை." இந்த வாயை இயேசுவே அடைத்துவிட்டார். சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த 18 பேர் மற்ற எருசலேம்காரரைவிடப் பாவிகள் அல்ல என்றார் (லூக்கா 13). மனந்திரும்பச் சொன்னதும் செத்தவர்களைப் பற்றியல்ல, கேட்டுக்கொண்டு நின்றவர்களை!

அடுத்தது சாட்சி. "என்னைக் கர்த்தர் காப்பாற்றினார், அல்லேலூயா!" ஸ்தோத்திரம்தான். ஆனால் எதிரே நிற்பவர் விடமாட்டார். "உன்னைக் காப்பாத்தினவரு பக்கத்து வீட்டுப் பிள்ளைய ஏன் விட்டாரு? அவங்க ஜெபம் பண்ணலியா?" இது குதர்க்கம் இல்லை, நியாயமான கேள்வி. "சாத்தான் பேசுகிறான்" என்று எழுந்து வந்துவிடுவது எனக்குச் சம்மதமில்லை. அந்தக் கேள்வி நம் வேதத்துக்குள்ளேயே இருக்கிறது.

அப்போஸ்தலர் 12-ஐத் திறந்து பாருங்கள். ஏரோது யாக்கோபைப் பட்டயத்தால் கொலை செய்கிறான். ஒரே வசனம், முடிந்தது. அடுத்து பேதுரு சிறைக்குப் போகிறான். தூதன் வருகிறான், சங்கிலி கழன்று விழுகிறது, இரும்புக் கதவு தானாகத் திறக்கிறது. கன்வென்ஷன் மேடையில் எப்போதும் பேதுருதான்! யாக்கோபுக்காக சபை ஜெபிக்காமலா இருந்திருக்கும்? அவன் விசுவாசத்தில் குறைந்தவனா? மறுரூப மலைக்கு இயேசு கூட்டிக்கொண்டு போன மூன்று பேரில் அவனும் ஒருவன். பேதுருவின் சாட்சியை யாக்கோபின் தாய் கேட்டிருந்தால் அவள் மனசு என்ன பாடுபட்டிருக்கும்? லூக்கா காரணம் எழுதவில்லை. எபிரெயர் 11-ம் அப்படியே. பட்டயத்துக்குத் தப்பினவர்களும் (34), பட்டயத்தால் செத்தவர்களும் (37) ஒரே விசுவாசப் பட்டியலில்.

ஆகவே சந்தேகப்படுகிறவரிடம், "ஏன்னு எனக்குத் தெரியாது" என்று சொல்ல வெட்கப்படாதிருங்கள். அதோடு நிறுத்தவும் வேண்டாம். தெரிந்ததைச் சொல்லுங்கள். லாசருவை எழுப்பப்போகிறவர், எழுப்புமுன்னே கண்ணீர் விட்டார். சிலுவையில் தொங்கினபோது "ஏன்" என்று பிதாவை நோக்கி அவரே கேட்டார். "இதெல்லாம் ஒரு பதிலா?" என்பார் அவர். முழுப் பதில் இல்லைதான், ஆனாலும் பொய்யில்லை.

அப்படியானால் சாட்சியே சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாய்ச் சொல்லுங்கள். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் மூன்றாவது வரிசையில் பாயில் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்துச் சொல்லுங்கள். "நான் ஜெபித்தேன், அதனால் பிழைத்தேன்" என்கிறோமே, அந்த "அதனால்" அவளைக் குத்திப்போடும். "பிழைத்தேன், ஸ்தோத்திரம்" என்றாலே போதும்.