புரியாமல் சொல்லுகிற "எஸ் சார்"



நம்முடைய வாலிபப் பிள்ளைகளில் சிலர் இன்டர்ன்ஷிப் என்கிற வேலைப் பயிற்சிக்காக வெளிதேசம் போகிறார்கள். பாஸ்போர்ட், விசா, ஸ்வெட்டர், ஊறுகாய் பாட்டில் எல்லாம் சரிபார்த்து அனுப்புகிறோம். ஆனால் முதல் வாரமே ஆபீசில் வரப்போகிற ஒரு சோதனையைப் பற்றி யாரும் சொல்லி அனுப்புவதில்லை. மேலதிகாரி ஒரு வேலையை விளக்கிவிட்டு, "புரிந்ததா?" என்று கேட்பார். பாதிதான் புரிந்திருக்கும். பிள்ளையோ தலையை ஆட்டி, "எஸ் சார்" என்று சொல்லிவிடும்.

இது மரியாதையா, பொய்யா?

நம்ம ஊரிலே இதை யாரும் பொய்யென்று சொல்லமாட்டார்கள். பெரியவங்ககிட்ட திருப்பிக் கேட்கக்கூடாது என்று சொல்லித்தானே வளர்க்கிறோம்? இங்கே மேஸ்திரி பையனுடைய முகத்தைப் பார்த்தே, "உனக்குப் புரியலடா" என்று மறுபடி சொல்லிக்கொடுப்பார். அங்கே அப்படியல்ல. மேல்நாட்டு ஆபீஸ்கள் பலவற்றில் அதிகாரியையே பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். கூட்டத்தில் பேசாதிருப்பவனுக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்ளுகிறார்கள். நம்முடைய தலையாட்டல் ஆமாமா இல்லையா என்பதே அவர்களுக்கு விளங்குகிறதில்லை. "எஸ்" என்றால் எஸ்தான். அதை நம்பி இன்னொருவர் தம்முடைய வேலையை ஆரம்பித்துவிடுவார். இங்கே உபசாரமாயிருந்த அதே வார்த்தை, அங்கே நிறைவேறாத வாக்காய்ப் போகிறது.

நெசவுக்காரருக்கு இதை விளக்கவேண்டியதில்லை. கோர்வைச் சேலையிலே உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா. பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடா போடுகிற பிள்ளை, புரியாமலே "ஆச்சு" என்று சொன்னால் என்ன ஆகும்? உடலும் கரையும் சேருகிற இடத்திலே தப்பு தெரியும். பிரித்துத்தான் ஆகவேண்டும்.

சிறுவயதில் சிலகாலம் நம்முடைய காஞ்சிபுரத்திலே பள்ளிக்கூடம் போன ஒருவருடைய காரியத்தைக் கவனியுங்கள். கணிதமேதை ராமானுஜன்தான். அவர் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் கணக்குப் பிரிவு கிளார்க்காயிருந்தார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினபோது, தான் குமாஸ்தா என்பதையும், பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்பதையும் மறைக்கவில்லை. அந்தக் கடிதமே அவருக்குக் கதவைத் திறந்தது. 1914 மார்ச்சில் கப்பலேறினார்.

கேம்பிரிட்ஜிலே அவருடைய அறைக்கு ஒருநாள் மகலனோபிஸ் போனார். இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைப் பின்னாளில் ஸ்தாபித்தவர் இவரே. அப்பொழுது அங்கே மாணவர். "ராத்திரி குளிர் தாங்குகிறதா?" என்று விசாரித்தார். இல்லை, ஓவர்கோட்டோடுதான் படுக்கிறேன் என்றார் ராமானுஜன். பார்த்தால், கட்டிலிலே கம்பளிகள் இருந்தன! மெத்தைக்கு அடியில் செருகி விரித்திருந்தார்கள். அதை விலக்கி உள்ளே படுக்கவேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. மகலனோபிஸ் காட்டிக்கொடுத்தார். இதை மகலனோபிசே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

பாருங்கள்! உலகம் வியந்த மூளை, கம்பளியின் மேலேயே குளிரில் நடுங்கிக்கொண்டு படுத்திருந்தது. தெரியாதது அவமானமே அல்ல. கணக்கிலே கூச்சமில்லாமல் கேட்ட மனுஷனுக்கும், சின்னக் காரியத்திலே கேட்பதுதான் கடினமாயிருக்கிறது. நமக்கும் அப்படித்தானே? பெரிய சந்தேகத்தைக் கேட்டுவிடுவோம். "இந்த மெஷினை எப்படி ஆன் பண்றது?" என்று கேட்கத்தான் நாக்கு எழும்பாது. அதைத் தாழ்மை என்று நினைத்துக்கொள்ளுகிறோம். உள்ளே பார்த்தால், நம்மைக் குறைவாய் எண்ணிவிடுவார்களே என்கிற பயந்தான் இருக்கிறது.

வேதத்திலே தானியேலைப் பாருங்கள். அந்நிய தேசத்து அரமனையிலே மூன்று வருஷப் பயிற்சி. புதுப் பாஷை, புதுப் பேர், எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டான். சாப்பாட்டு விஷயத்திலே மாத்திரம் மனம் ஒப்பவில்லை. அப்பொழுது அவன் தலையாட்டிவிட்டு மறைவாய்க் கொட்டினானா? இல்லை. அதிகாரியிடத்தில் நேராய்ப் போய்க் கேட்டான். பத்துநாள் சோதித்துப் பார்க்கும்படி ஒரு வழியும் சொன்னான். உடுப்பு, பேச்சு, பழக்கம் மாறலாம். உண்மை மாறக்கூடாது.

"தொட்டதற்கெல்லாம் கேட்டால் எரிச்சல்படமாட்டார்களா?" என்று சிலர் கேட்கலாம். நியாயந்தான். ஆகையால் முதலாவது, சொன்னதை நோட்டில் எழுதிக்கொள். இரண்டாவது, "நான் புரிந்துகொண்டது இதுதான், சரியா?" என்று திருப்பிச் சொல். மூன்றாவது, முயன்று பார்த்தும் முடியாவிட்டால் அன்றைக்கே சொல். கடைசிநாள் வரைக்கும் வைத்திராதே. ஜப்பானிலே புது ஊழியருக்கு முதல் பாடமே "ஹோரென்சோ": அறிக்கை கொடு, தகவல் சொல், ஆலோசனை கேள். அவர்கள் பாஷையில் அது பசலைக்கீரையின் பேர் போலவே ஒலிப்பதால் யாருக்கும் மறப்பதில்லை. கேட்பதை அங்கே வேலையின் ஒரு பகுதியாகவே வைத்திருக்கிறார்கள்.

முந்திப்போய் அங்கே காலூன்றின சகோதரரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. புதிதாய் வந்த பிள்ளை தானாய்க் கேட்கும் என்று காத்திராதேயுங்கள். மகலனோபிஸ் போல நீங்களே போய், "குளிர் தாங்குதா தம்பி?" என்று கேளுங்கள்.

பெற்றோரே, பிள்ளை போனிலே "நல்லா இருக்கேன்மா" என்று சொல்லுவதும் சிலவேளை இதே "எஸ் சார்"தான். அதோடு போனை வைத்துவிடாதேயுங்கள். இன்னும் ஒன்று. வீட்டிலே சின்னவன் "எனக்குத் தெரியலப்பா" என்று சொல்லும்போது, "இதுகூடத் தெரியாதா?" என்று சிரிக்கிறோமே, அந்த இடத்திலேதான் அவன் பொய்யாய்த் தலையாட்டக் கற்றுக்கொள்ளுகிறான். இன்று ராத்திரி அவன் அப்படிச் சொன்னால், சிரிக்காமல் பக்கத்திலே உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள்.